பூட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடவுச்சொல்

பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் பூட்டுக்காரர். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அதன் கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தபோது, அதையும் அவரே செல்லோடேப் போட்டு ஒட்டினார். டீ குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். பின்னே பெயர் எப்படி வராமல் இருக்கும்?

"யாருக்கு சுகர் ஏறியிருக்குன்னு பார்த்து நாங்க என்ன பண்ணப் போறோம் அண்ணே?" என்று வரவேற்பில் உட்காரும் பெண் கிண்டலடிப்பாள்.

"உனக்கு ஏறட்டும், அப்புறம் வந்து கேளு" என்பார்.

மற்ற நான்கு மேசைக் கணினிகளுக்கும் சேர்த்து ஒரே கடவுச்சொல்தான்: கூடத்தின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அதுவும் மறந்து தொலைக்கக் கூடாதே என்று மஞ்சள் சீட்டில் எழுதி ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் ஒட்டியிருந்தார்கள். பூட்டுக்காரரின் கணினியில் மட்டும் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ செருகிய பென்டிரைவிலிருந்து வந்த வைரஸ் ஒரு மாத முடிவுகளை விழுங்கிவிட்டது. அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் முறை ஊசியைக் கண்டு வீறிட்ட ஒரு குழந்தையின் அம்மா, இவரை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். அந்த வாரமே ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, தானே லினக்ஸைப் போட்டார்.

போட்டதோடு கை கழுவவில்லை. "லினக்ஸுக்கு வைரஸே வராதாமே?" என்று யாராவது கேட்டால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். "யார் சொன்னா? நாமளே வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிட்டா எங்கயும்தான் வரும்." திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அப்டேட். உள்ளே நுழைய அன்றாட வேலைக்கு ஒரு பயனர் கணக்கு, கணினியையே மாற்றக்கூடிய வேலைகளுக்கு வேறொன்று. இணையத்தில் எவனோ எழுதிப்போட்ட கட்டளையை, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று தெரியாமல் அடிக்கவேமாட்டார். கணினியின் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. கடவுச்சொல் தெரியாதவன் கழற்றிக்கொண்டு போனால் அவனுக்கு மிஞ்சுவது குப்பைதான். இது போக, தினமும் சாயங்காலம் கூடத்தின் பொதுக் கோப்புகள் அத்தனையையும் ஒரு தனி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஒருமுறை டாக்டரம்மாவிடம், அதாவது கூடத்தின் முதலாளியிடம், சொல்லத்தான் செய்தார். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே "செய்யுங்க, செய்யுங்க" என்றாள் அந்த அம்மா.

வீட்டிலும் ஒரு லினக்ஸ் மடிக்கணினி இருந்தது. வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"சாப்பிட வர்றீங்களா, இல்ல அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு அழுறீங்களா?"

"இதோ வர்றேன்" என்பார். அரைமணி நேரம் ஆகும். மறுநாளும் அதே வாக்கியம், அதே சுருதி. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் எட்டே நாள் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவர் கடவுச்சொல்லை மாற்றினார். அந்த வாக்கியத்தையே ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் வைத்தார். நீளமானது, எந்த அகராதியிலும் இல்லாதது, எவனாலும் ஊகிக்க முடியாதது, பாதுகாப்புக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சும்மா சமாதானம். தினமும் காலையில் ஒரு தரம் அவளிடம் திட்டு வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு. வீட்டுக் கணினிக்கும் அதையே வைத்தார். ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் ஓதிய மனிதர் செய்த ஒரே தப்பு அதுதான். அவள் வேறு என்னென்னவோ திட்டியிருக்கிறாள்தான். வார்த்தை பிசகாமல் நினைவில் நின்றது இது ஒன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. கூரியர் பில் என்று ஒரு இணைப்பு. பூட்டுக்காரர் மேசை மேசையாகப் போய், "இதைத் திறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். "நீங்க இருக்கறப்ப எங்களுக்கென்ன பயம்?" என்று மேனேஜர் சிரித்தார். அரைமணி நேரத்தில் நான்கு திரைகளும் சிவந்தன. எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்து தருகிறோம் என்று ஒரு மிரட்டல் மட்டும் நின்றது.

பூட்டுக்காரர் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து வட்டை எடுத்தார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிய ஒரு கணினியில், முந்தின நாள் மாலை வரைக்குமான முடிவுகள் அத்தனையையும் இரண்டே நாளில் திரும்பக் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஒரு குழந்தைக்குக்கூட இரண்டாவது ஊசி விழவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மாடிப்படியில் வரவேற்புப் பெண் அவரை நிறுத்தினாள். "அந்த மெயிலை மேனேஜர்தான் அண்ணே திறந்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்."

"நான் ஏம்மா சொல்றேன்?" என்றார்.

சனிக்கிழமை டாக்டரம்மாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு போனார், பாவம். உள்ளே மேனேஜரும், வெளியிலிருந்து வரவழைத்த கணினி நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்புப் பெண் ஓரமாக உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாருதும் போச்சு. உங்களுது மட்டும் எப்படிங்க தப்பிச்சுது?" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"என்னுது லினக்ஸ் சார். அதோட நான் அந்த மெயிலைத் திறக்கல."

"அதான் கேக்கறேன். கறுப்பு ஸ்க்ரீன்ல எந்நேரமும் என்னமோ தட்டிட்டு இருப்பீங்க. என்ன தட்டுனீங்கன்னு யாருக்குத் தெரியும்? போதாததுக்கு ஆபீஸ் ஃபைல் மொத்தத்தையும் தனி டிஸ்க்ல எடுத்து வெச்சிருக்கீங்க. யாரைக் கேட்டு?"

அவர் ஆடிப்போய்விட்டார். "டாக்டரம்மா, உங்ககிட்ட அப்பவே சொன்னேனே?"

"சொன்னீங்களா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாள் டாக்டரம்மா.

"பாஸ்வேர்டைக் குடுங்க, திறந்து பார்த்துடறோம்" என்றார் மேனேஜர். "இல்லன்னா போலீஸ்ல உங்க பேரைத்தான் சொல்லணும்."

பூட்டுக்காரர் ஒரு தரம் வாயைத் திறந்திருந்தால் போதும், மேனேஜரின் முகத்திரை அங்கேயே கிழிந்திருக்கும். அவர் வரவேற்புப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. பத்தொன்பது வருடம் எத்தனையோ பேரின் நோயை வெளியே விடாமல் காத்தவருக்கு, அவள் சொன்னதையும் உள்ளே வைத்துப் பூட்டத்தான் தெரிந்தது.

"நானே வந்து அடிச்சுத் திறந்து தர்றேன் சார்."

"இல்ல, நீங்க கை வைக்கக் கூடாது. எழுதிக் குடுங்க" என்றார் நிபுணர்.

எழுதினார். அதிலும் இரண்டு எழுத்து அடித்தல் திருத்தல். அவர் மேசைக்கு எல்லோரும் போனார்கள். நிபுணர் முதல் முறை அடித்தது தப்பாகிவிட்டது. மேனேஜர் சீட்டை வாங்கிக்கொண்டு, கூடமே கேட்க, எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். "சாப்பிட... வர்றீங்களா... இல்ல... அந்த டப்பாவையே..." முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் எடுக்கிறவர்கள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வரவேற்புப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, இதுவா பாஸ்வேர்டு? பெரிய ராணுவ ரகசியம்னு இல்ல நெனச்சேன்!" என்றார் மேனேஜர்.

பூட்டுக்காரர் தன் நாற்காலியின் கிழிந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்துப் போட்டிருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது.

மதியம் வரை நோண்டினார்கள். ஒன்றும் இல்லை. "ரொம்ப சுத்தமா வெச்சிருக்காரு. எல்லா மிஷினையும் இப்படி வெச்சிருந்தா என்னைக் கூப்பிட வேண்டியே வந்திருக்காது" என்றார் நிபுணர்.

"ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம்தானே, விடுங்க" என்று மேனேஜர் மென்று முழுங்கினார். மன்னிப்பு என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. டாக்டரம்மா மட்டும் அவரைக் கூப்பிட்டு, "எதுக்கு வம்பு? திங்கக்கிழமைலேர்ந்து உங்களுக்கும் எல்லாருக்கும் இருக்கற மாதிரியே மிஷின் போட்டுடச் சொல்லிட்டேன்" என்றாள். அவர் மேசைக்குத் திரும்பியபோது மானிட்டரின் நெற்றியில் மஞ்சள் சீட்டை முன்கூட்டியே ஒட்டியிருந்தார்கள். தான் எழுதிக் கொடுத்த சீட்டைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தார். நாலு பேர் வாயில் விழுந்த கடவுச்சொல்லை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. அவரே எத்தனை பேருக்குச் சொன்ன பாடம்!

மாற்றுவதற்கான கட்டளையை அடித்தார். முதலில் பழையதைக் கேட்டது. அடிப்பது எதுவும் திரையில் தெரியாது, ஒரு நட்சத்திரக் குறிகூட விழாது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே படாமல், அந்த வாக்கியத்தைக் கடைசி முறையாக அடித்து முடித்தார்.

புதியதைக் கேட்டது.

விசைகளின் மேல் விரல்களை வைத்தபடியே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புதிதாகத் திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.