நவம்பர் மாதம் மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு கற்றவை

ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். நடத்துகிற பாடத்துக்கும் நடக்கிற காரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எட்டு வயதுப் பிள்ளைகள் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் கஷ்டம். உங்களில் யாராவது தில்லியில் டீச்சராகவோ பிள்ளை பெற்றவர்களாகவோ இருந்தால் மேலே படியுங்கள். ஆறுதல் கிடைக்காது, துணை கிடைக்கும்.

எங்கள் தில்லித் தமிழ்ப் பள்ளியில் மாதம் பிறந்தால் 'இந்த மாதம் உங்கள் குழந்தை கற்பவை' என்று பெற்றோரின் வாட்ஸப் குழுவுக்கு நான் அனுப்ப வேண்டும். எந்த மாதத்துக்கு எந்தப் பாடம் என்பதை ஏப்ரலிலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடுவோம். அந்த வெயிலில் நவம்பரை நினைத்தால் இதமாகத்தான் இருக்கும். ஆகவே காற்று, விளையாட்டு விழாப் பயிற்சி என்று நல்லதாகப் பார்த்துப் போட்டிருந்தோம்.

சூழ்நிலையியல்

"ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். காலையில் திறந்த வெளியில் உலாவ வேண்டும்." வகுப்பே சேர்ந்து சத்தமாக வாசித்தது, முகமூடிக்குள்ளிருந்து. வகுப்பின் ஜன்னல்களை அன்று காலைதான் வெளிப்புகை நுழையாமல் பழுப்பு டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள்.

இரண்டாவது பெஞ்சில் யாழினி. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் வீடு, அப்பா மத்திய அரசு ஆபீசில் கிளார்க். வீசிங் உள்ள பிள்ளை. டிபன் டப்பாவை மறந்தாலும் இன்ஹேலரை மறக்க மாட்டாள். போன நவம்பரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்தத் தடவையும் முடியாமல் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். என் காதோடு வந்து சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ், நான் போக மாட்டேன்" என்றிருந்தாள். அவள்தான் இப்போது கையைத் தூக்கினாள்.

"மிஸ், எக்ஸாம்ல ஜன்னலைத் திறக்கணும்னு எழுதணுமா, மூடணும்னு எழுதணுமா?"

கணக்கு

மூன்று இலக்க எண்களை ஒப்பிடுதல். புத்தகத்தில் மாம்பழமும் பென்சிலும் போட்டிருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு? அவரவர் ஏரியாவின் காற்று மாசு எண்ணை அப்பா போனில் பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கரும்பலகையில் எழுதச் சொல்லி ஒரே ரகளை. சரோஜினி நகர் கோஷ்டி லோதி ரோட்டை முந்தியபோது கைதட்டல். லோதி ரோட்டுப் பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. சின்ன எண்தான் நல்லதடா என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? பெரியது, சிறியது குறி மட்டும் ஒருவரும் தப்பாகப் போடவில்லை. அதற்காகச் சந்தோஷப்படவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை.

யாழினி கடைசியாக வந்து எழுதினாள். சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, இருமி முடித்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினாள்.

"எங்க ஆர்.கே.புரம்தான் ஃபர்ஸ்ட் மிஸ்!"

உடற்கல்வி

மைதானத்துக்குத் தடை வந்தது. விளையாட்டு விழா போயிற்று. ரிலே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பி.டி. பீரியடை வீணாக்கக் கூடாதே என்று வகுப்பிலேயே பிராணாயாமம் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பி.டி. சார் முரளி நல்ல மனுஷர். உத்தரவு என்றால் உத்தரவு. "இழுங்க, நல்லா இழுங்க, ஜோர் சே" என்று இந்தியும் கலந்து கத்த, பாதி வகுப்பு இருமியது. யாழினி வாயை இறுக மூடிக்கொண்டு தோளை மட்டும் ஏற்றி இறக்கினாள். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை வராந்தாவுக்கு இழுத்துப் போய், இது என்ன அக்கிரமம் என்று கேட்டேன். பாவம், அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"சர்க்குலர்ல பிராணாயாமம்னுதான் இருக்கு மேடம். எந்தக் காத்துனு போடல."

தமிழ்

அந்த வாரமே ஆரம்ப வகுப்புகளை மூடிப் பாடத்தைப் போனுக்கு மாற்றினார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். சிலது கூரை, சிலது மின்விசிறி. வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி. ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்ததும் எங்கிருந்தோ 'டர்ர்ர்' என்று விடாமல் ஓசை. இந்த ஆன்லைன் வகுப்பில் நான் கேட்காத சத்தம் இல்லை. குக்கர் விசில், காய்கறிக்காரர், மாமனார் சண்டை எல்லாம் உண்டு. எரிச்சலில், "யார் வீட்டில் சட்னி அரைக்கிறீங்க? வகுப்பு முடிஞ்சு அரைக்கக் கூடாதா? மியூட் பண்ணுங்க!" என்றேன்.

யாழினியின் கட்டம் இருட்டாக இருந்தது. அது திறந்தது. பிள்ளையின் மூக்கையும் வாயையும் மூடிய பிளாஸ்டிக் மாஸ்க், அதிலிருந்து புகையாக மருந்து, மடியில் தமிழ்ப் புத்தகம். பக்கத்தில் அவள் அம்மா. திருநெல்வேலிக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவர் சொன்னதைக் கேட்டதும், பேசாமல் நானே மியூட் ஆகியிருக்கலாம் என்று இருந்தது.

"மிக்ஸி இல்ல டீச்சர், நெபுலைசர். ராத்திரியெல்லாம் தூங்கல. கிளாசுக்கு வரலைன்னா நாங்க ஊருக்கு அனுப்பிருவோம்னு அழுதா, அதான் உக்கார வச்சிருக்கேன்."

டி.சி.

இது பாடம் இல்லை. மாதக் கடைசியில் பள்ளி திறந்தபோது யாழினியின் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார், பள்ளியிலிருந்து விலக டி.சி. வாங்க. பிள்ளை பாதியாக இளைத்திருந்தாள். இடையில் மறுபடி ஆஸ்பத்திரி. ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாயும் மகளும் திருநெல்வேலிக்கு, இவர் மட்டும் இங்கே. "டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதி எழுதிப் பாத்துட்டேன் டீச்சர். ஃபைலு நகர மாட்டேங்கு. அதான் பிள்ளைய நகத்துதோம்" என்றார்.

டி.சி. என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குளிர்கால லீவு மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள். என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். அவள் அப்பா நோட்டீஸ் போர்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அதில் ஒன்றும் இல்லை.

"மிஸ், டிசம்பர்ல என்னென்ன பாடம்னு அம்மா போனுக்கு அனுப்பிடுங்க. நான் திரும்பி வர்றப்ப எல்லாரும் எனக்கு முன்னாடி போயிருக்கக் கூடாது."

நவம்பர் பாடங்களில் ஒன்றைக்கூட விடாமல் முடித்த வகுப்பு என்று அன்று மாலை ஸ்டாஃப் மீட்டிங்கில் எங்களைப் பாராட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான் தட்டினேன்.