வம, தகுண

யுத்த காலத்தில், கண்டியில் எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில், தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய ரிமோட் ஹெலிகொப்டரைப் பறக்கவிடப் பழகினேன். அதன் மூக்கு என் பக்கம் திரும்பினால் இடமும் வலமும் மாறிவிடும். குழம்பாமலிருக்க "இடம், வலம்" என்று உரக்கச் சொல்லிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுச் சிங்களவர் தினமும் வேலியோரம் நின்று பார்ப்பார். யாழ்ப்பாணத்தான் கையில் ரிமோட் இருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

"அந்த மனுசன் பொலிசிலை சொல்லப்போறார்," என்றேன் மனைவியிடம்.

"ஓம், கேற்றைப் பூட்டுங்கோ."

ஒருநாள் அவர் வீதியைத் திரும்பிப் பார்த்தவர், சட்டென்று வேலியைத் தாண்டி வந்து ரிமோட்டைப் பறித்தார். "வம, தகுண" என்று சிங்களத்தில் இடம் வலம் சொல்லிக் கத்தினார். ஹெலிகொப்டர் மதிலில் மோதி விழுந்தது. வீதியில் வந்த ஆமிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"இனி இப்பிடிச் சொல்லுங்க, மாத்தயா," என்று அரைகுறைத் தமிழில் சொல்லி ரிமோட்டைத் திருப்பித் தந்தார்.

அதன்பிறகு சிங்களத்தில்தான் பழகினேன். கேற்றை மட்டும் முன்போலவே பூட்டினேன்.