ஜன்னலோரம் கை கழுவியவர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் அவர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். ஏழு மாத வயிறு. மடியில் இரண்டு வயது மகள். குழந்தையின் வாயைத் துடைக்கும்போதெல்லாம் சோப்புப் போட்டு, பாட்டில் தண்ணீரால் ஜன்னலுக்கு வெளியே கை கழுவினார். அந்தத் தண்ணீர் காற்றில் பறந்து என் முகத்தில் தெறித்தது.

விக்கிரவாண்டி தாண்டியதும் குழந்தை தான் கடித்த வாழைப்பழத்தை அவர் வாயருகே நீட்டியது. அவர் வாய் திறக்காமல் அதன் உச்சந்தலையில் முத்தமிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, பெத்த புள்ள எச்சில்கூடவா அசிங்கம்?” என்றேன்.

சட்டென்று திரும்பினார். “அசிங்கம்னு யாருங்க சொன்னா? சின்னப் புள்ளைங்க எச்சில்ல ஒரு கிருமி இருக்கலாமாம். எனக்கு ஒட்டிக்கிச்சின்னா வயித்துல இருக்கறதுக்குக் காது கேக்காமப் போனாலும் போவுமாம். டாக்டரம்மா சொல்லிச்சி. மாமியாரு திட்டுது, தெருவே திட்டுது, நீங்களும் திட்டிக்கினு வாங்க. இது பொறந்து வந்து அத்தினியும் காதால கேக்கட்டும்!”

அடுத்த முறை அவர் பாட்டிலைத் திறந்தபோது, நான் என் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். சித்திரை வெயில். திண்டிவனம் வரை வேர்த்துக் கொட்டியது, திறக்கவில்லை.