ஏவுகணைப் படமும் என் மகள் எடுக்காத கோலும்

அந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவர் அக்காதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டைச் சுற்றி எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். எங்கிருந்தோ ஓர் அணு ஏவுகணை புறப்பட்டுவிட்டது. அது ஒரு நகரத்தில் விழுவதற்குள் ஜனாதிபதியும் தளபதிகளும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். கதை அவ்வளவுதான். கோயிலும் ஜெபமாலையும் என்று இருக்கிற மனுஷிக்கு இந்த மாதிரிப் படத்தில் என்ன ஆசை என்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஓட்டோ பிடித்து வெள்ளவத்தையில் வந்து இறங்கிவிட்டார்.

எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்கு நேரே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி ஆடும், ஒரு சொல்லும் காதில் விழாது. அதனால் ரயில் வந்தால் படத்தை நிறுத்துவது எங்கள் வழக்கம். அன்றும் ஏவுகணை பாதி வானத்தில் நிற்க, தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் அவசரமே இல்லாமல் ஆறுதலாகக் கடந்து போனது.

"பாவம், அவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா நேரம் கிடைச்சிருக்கு" என்றாள் மகள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கடல் பொங்கினால், ஆறு பெருகினால், நாட்டுக்கு எச்சரிக்கை கொடுக்கும் அரச அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இப்போது ஒரு ஷிப்டுக்கே அவள்தான் பொறுப்பு. கல்யாண வீட்டில் யாராவது பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டால், நான் சுருக்கமாகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

படத்தில் நிலத்துக்கடியில் ஒரு பெரிய அறை. சுவர் முழுக்கத் திரைகள், மேசை முழுக்கத் தொலைபேசிகள், எல்லாரும் எழும்பி நின்று கத்துகிறார்கள். மகள் முறுக்கைக் கடித்தபடி சிரித்தாள்.

"இத்தனை பேர் கத்தினா, அம்மா, ஆர் போனில கதைக்கிறது? எங்கட இடத்தில ஒருத்தரும் கத்தமாட்டினம். கத்த எங்க நேரம்?"

அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. உடனே திருப்பி அடிக்க வேண்டும் என்று ஜனாதிபதியை நெருக்கிக்கொண்டிருந்த தளபதியை அவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். "ஆர் அனுப்பினது எண்டே தெரியாது, அதுக்குள்ள ஆருக்கடா அடிக்கப் போறாய்?" அந்தத் தளபதி கொட்டாஞ்சேனையில் பிறக்காததால் தப்பினார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ராடார் திரைக்கு முன்னால் இருக்கும் இளம் அதிகாரி ஒருவன் மெல்ல எழும்பிக் குளியலறைக்குப் போகிறான். கதவைச் சாத்துகிறான். ஒளித்து வைத்திருந்த கைபேசியை எடுத்து, ஏவுகணை விழப்போகும் நகரத்தில் இருக்கும் தாயை அழைக்கிறான். ஒன்றும் கேட்காதே, காரில் ஏறி வடக்கே போ, யாருக்கும் சொல்லாதே என்கிறான்.

அக்கா கண்ணைத் துடைத்தார். "அதுதான் பிள்ளை" என்றார். திரையைப் பார்த்துச் சொல்லவில்லை, என் மகளைப் பார்த்துச் சொன்னார். அவர் எதற்காக இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கொழும்பில் குண்டு வெடித்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எங்கே வெடித்தாலும், வெளியில் இருப்பவர் முதல் வேலையாக வீட்டுக்குப் போனில் கோல் எடுக்க வேண்டும். கைபேசி இல்லாத நாட்களில் என் கணவர், காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமியூனிகேஷன் கடை வாசலில் வரிசையில் நின்று தன் முறை வந்ததும், "நான் இருக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுவார். டியூஷனுக்குப் போகும் மகளுக்கும் அதே சட்டம்தான். சாப்பாடு பிந்தலாம், கோல் பிந்தக் கூடாது. கணவர் போய்ச் சேர்ந்தார், யுத்தமும் முடிந்தது, சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தச் சட்டத்தை மகள் ஒரே ஒரு நாள் மீறினாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பின்னேரம், இந்தோனேசியாப் பக்கம் கடலுக்கடியில் நிலம் நடுங்கியது. முழங்கால் நோவுக்கு மருந்து எடுக்க வந்த அக்கா என்னோடு தங்கியிருந்தார். பொலிஸ் ஜீப் ஒன்று எங்கள் வீட்டுக்குக் கீழே வந்து நின்று, கடலோரத்தில் இருக்க வேண்டாம், மேலே பெரிய ரோட்டுக்கு, காலி வீதிக்குப் போங்கள் என்று மெகாபோனில் கத்தியது. முதலில் சிங்களம், பிறகு உடைந்த தமிழ். எல்லா வீட்டுத் தொலைபேசியும் அடிக்கத் தொடங்கியது. எனக்குக் கனடாவிலிருந்துகூடக் கோல் வந்தது, மகளிடமிருந்து வரவில்லை. கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவும், நாங்கள் மல்லி என்று கூப்பிடும் சிங்கள செக்யூரிட்டிப் பையனும் அக்காவைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிப் படியிறக்கினார்கள். காலி வீதியில் அத்தனை சனத்துக்கு நடுவில், அந்தக் கதிரையில் இருந்தபடியே அக்கா கேட்டார்.

"உன்ர மகளுக்கு எல்லாருக்கும் முதல் தெரிஞ்சிருக்கும். பெத்த தாய்க்கு ஒரு கோல் எடுக்கேலாதோ?"

சுனாமி அலை வரவில்லை. அக்காவின் கேள்வி மட்டும் போகாமல் நின்றுவிட்டது. கல்யாண வீடு, கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை விழா, செத்த வீடு என்று எங்கே கண்டாலும் அதை எடுப்பார், நானும் விடாமல் சண்டை பிடிப்பேன். ஆனால் உள்ளுக்குள் அது எனக்கும் தொண்டையில் மீன்முள் மாதிரி இருந்தது. நாட்டுக்கே சொல்கிற பிள்ளைக்கு என் ஞாபகம் வரவில்லையா? அவள் என்ன பதில் சொல்வாளோ என்ற பயத்தில் நான் கேட்டதே இல்லை.

மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். ரயில் ஒன்றும் வரவில்லை.

"பெரியம்மா, இவன் கதவைச் சாத்திப்போட்டுத் தன்ர தாய்க்குச் சொல்லுறான். பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?"

"அதுக்கெண்டு ஒரு ஆள் இருக்கும்தானே" என்றார் அக்கா.

"அண்டைக்கு அந்த ஆள் நான்தான்."

அக்கா முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அலை வந்தா முதல் அடிக்கிறது கிழக்குக் கரைக்கு. பிறகு தெற்கு. கொழும்புக்குக் கடைசி. கிழக்கில ஒரு பொலிஸ் ஸ்டேஷனுக்கு லைன் கிடைக்கேல்லை, திரும்பத் திரும்ப அடிச்சுக்கொண்டிருந்தனான். இடையில அம்மான்ர நம்பரையும் எடுத்துப் பார்த்தனான். கோல் பட்டனை அமத்தேல்லை. அது அங்க ஆரோ ஒரு அம்மாவுக்குக் குடுக்க வேண்டிய நேரம்."

இதை அவள் என்னைப் பார்க்காமல் ரிமோட்டைப் பார்த்தே சொன்னாள்.

"அப்ப நாங்கள்?" என்று கேட்டது அக்கா இல்லை, நான். வருஷக்கணக்காக விழுங்கி வைத்திருந்தது தானாக வெளியில் வந்துவிட்டது.

"வெள்ளவத்தை பொலிசுக்கும் நான்தானே அம்மா சொன்னனான், அதின்ர முறை வரேக்க. கடற்கரைக்கு ஜீப் அனுப்புங்கோ, அங்க தமிழ்ச் சனம் கனபேர், தமிழிலையும் சொல்லுங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான்."

அந்த உடைந்த தமிழை நாங்கள் எத்தனை நாள் சொல்லிச் சிரித்திருப்போம்! அக்கா நடித்தே காட்டுவார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகப் பெருமை வந்தது. என் பிள்ளை என்னை மறக்கவில்லை. அவள் அப்பா கொமியூனிகேஷன் கடை வாசலில் நின்ற மாதிரி என்னை வரிசையில் நிற்க வைத்தாள், என் முறை வந்ததும் சொல்லியனுப்பினாள். இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

அக்கா ஒரு முறுக்கை எடுத்து என் மகள் கையில் வைத்தார். "சரி, படத்தைப் போடு பிள்ளை" என்றார் பிறகு. கடைசியில் ஜனாதிபதி திருப்பி அடிக்கவில்லை. தான் சொல்லித்தான் அவர் கேட்டார் என்பது போல் அக்கா தலையாட்டினார். அந்த அதிகாரியின் தாய் வெறும் காரில் தனியாகப் போவதைக் காட்டியபோது இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரியையாவது ஏத்தியிருக்கலாம்" என்றார்.

கொஞ்ச நாளில் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம் வந்தது. நான் மண்டபத்துக்குள் நுழையும்போதே அக்காவின் சத்தம் கேட்டது. சுற்றிவரச் சொந்தக்காரர், நடுவில் அக்கா.

"கோல் என்ன கோல்? எனக்கெண்டு பொலிஸ் ஜீப்பே அனுப்பினவள் எங்கட பிள்ளை!"

அக்கா சொல்கிற எதையும் திருத்தாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்றும் விடவில்லை.

"உங்களுக்கெண்டு இல்லை அக்கா, எல்லாருக்கும்" என்றேன், அவரைவிடச் சத்தமாக, கடைசி மேசைக்கும் கேட்கும்படி.