மூடித் தைத்த பின் சீட்

கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் சீட் கவர் தைக்கிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சுக்காரர் என்றால்தான் தெரியும். "ஒரு இஞ்ச் பிசகினா உங்க கண்ணு முன்னாடியே துணியக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சவால் விடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு துணியையும் கிழிக்க வேண்டி வந்ததில்லை. அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். "குளிக்கறப்பவாவது எடுக்கறீங்களா, இல்ல அதுக்கும் சேர்த்து சோப்புப் போடறீங்களா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பின் சீட்தான். சுருக்கமில்லாமல், ஓட்டையில்லாமல், புது மெத்தை மாதிரி ஒரே சீராகத் தைத்துக் கொடுப்பார். பின் சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் மூன்று லாக்குகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட்டை இழுத்து வந்து மாட்டுவது அவற்றில்தான். அவை வெளியே தெரிய வேண்டுமென்றால் துணியில் மூன்று இடத்தில் வாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. பார்க்கவும் அவ்வளவு எடுப்பாக இருக்காது. அதனால் இஞ்சுக்காரர் லாக்குகளைச் சீட்டுக்கு அடியில் அமுக்கிவிட்டு மேலே மூடித் தைத்துவிடுவார். அந்தத் தெருவில் முதலில் அப்படிச் செய்தவர் அவர்தான்.

"பின்னாடி உட்கார்றவங்க யாருங்க பெல்ட் போடறாங்க? இடுப்புல குத்துதுன்னு திட்டத்தான் செய்யறாங்க" என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. இரண்டே வருஷத்தில் எதிர்க்கடை, பக்கத்துக்கடை எல்லாவற்றிலும் அதே தையல் வந்துவிட்டது. என் கையைப் பார்த்துத்தான் தெருவே தைக்கிறது என்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அவருக்கு ஒரே தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். தூக்கி வளர்த்தவர் என்பதால் தங்கை என்றால் அவருக்கு உயிர். அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. பழைய கார் ஒன்றை வாங்கியதும் மருந்துக்கடைக்காரர் அதை நேரே மச்சான் கடைக்குத்தான் ஓட்டி வந்தார்.

"மச்சான், பாப்பாவுக்குன்னு தனியா சீட் வருதாமே. பெல்ட்ல இறுக்கிக் கட்டறது. அதையும் வாங்கிடலாமான்னு யோசிக்கறேன்."

"நாலு வயசுப் பிள்ளைக்குத் தனி சிம்மாசனமா? அம்மா மடியைவிடவா மாப்பிள்ளை நல்ல சீட்டு இருக்கு?"

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரரும் அசடு வழியச் சிரித்தார். "இல்ல, ஒரு கட்டுரையில படிச்சேன்..." என்று இழுத்தார்.

"நீங்க படிக்கறதுக்கு ஒரு எல்லையே இல்ல. சாவியக் குடுத்துட்டுப் போங்க. என் தங்கச்சி வண்டி, பார்த்துப் பார்த்துத் தைக்கறேன்."

சொன்னபடி பார்த்துப் பார்த்துத்தான் தைத்தார். பழுப்பு நிற ரெக்சின், ஓரத்துக்கு வெண்ணெய் நிற நூல். பின் சீட்டுக்குக் கூடுதலாக ஒரு அடுக்குப் பஞ்சு. மூன்று லாக்குகளையும் வழக்கம்போல உள்ளே தள்ளினார். வண்டியைப் பார்த்த தங்கை சீட்டைக் கையால் தடவிவிட்டு, "வீட்டு சோபாவைவிட இது நல்லா இருக்கே அண்ணா" என்றாள். அன்று முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், குழந்தைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஓட்டினார், பெல்ட் போட்டிருந்தார். பின்னால் தங்கை, மடியில் குழந்தை. அப்போதுதான் ஒரு தூறல் விழுந்து சாலை வழவழவென்று இருந்தது. முன்னால் போன தண்ணீர் லாரி சட்டென்று நின்றது. மருந்துக்கடைக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின்புறத்தில் இடித்தது. நாற்பதில்தான் வந்ததாக அவர் பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். சொன்னது பொய்யில்லை.

அவருக்கு மார்பில் பெல்ட் பதிந்த சிவப்புத் தடம் மட்டும். குழந்தை மடியிலிருந்து பறந்து முன் சீட்டுகளுக்கு நடுவில் போய் விழுந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. குழந்தையைப் பிடிக்கக் கையை நீட்டிய தங்கையின் முகம் முன் சீட்டின் தலைப்பகுதியில் மோதியது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. கன்னத்து எலும்பும் போயிற்று.

இஞ்சுக்காரரும் அவர் மனைவியும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். பத்து நாள் அவர் கடையைத் திறக்கவே இல்லை. ரத்தத்துக்கு ஆள் சேர்த்தார். மருந்துச் சீட்டோடு மாடிக்கும் கீழுக்கும் அலைந்தார். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த குழந்தைக்குச் சோறு ஊட்டினார். "அண்ணன்னா இப்படி இருக்கணும்மா, நீங்க குடுத்து வெச்சவங்க" என்று நர்ஸ் ஒருத்தி தங்கையிடம் சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்தவருக்கு அந்த வார்த்தை நல்லதாகத்தான் பட்டது, அன்றைக்கு மட்டும்.

தங்கையின் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் "பாப்பா?" என்று மட்டும் எழுதினாள். நாலாம் நாள் அண்ணனும் கணவரும் இருக்கும்போது நோட்டை மடியில் வைத்து மெதுவாக எழுதிக் காட்டினாள்.

"பாப்பா ஆடிக்கிட்டே இருந்தா. தூறல் வேற. பெல்ட் போடலாம்னு பார்த்தேன். பட்டை வந்துச்சு. மாட்டற இடம் எங்கன்னு தெரியல. சீட்டு இடுக்குல கை விட்டுத் தேடினேன். கிடைக்கல."

இஞ்சுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பழைய வண்டிதானே? முன்னாடி வெச்சிருந்தவன் கழட்டி எடுத்திருப்பான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "விக்கறப்போ சொன்னானா பாருங்க. இவனையெல்லாம் என்ன செய்யலாம் மச்சான்?"

இல்லை, அது நான்தான் என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு நொடி இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "ஆமா மாப்பிள்ளை, இருக்கும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் அவர் மட்டும் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனார். வண்டியைப் பார்க்க ஏற்கெனவே அனுமதி எழுதி வாங்கியிருந்ததால் காவலாளி உள்ளே விட்டார். முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் பின் சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தைத்த தையலில் ஒரு நூல்கூட விட்டிருக்கவில்லை. தரையில் ஒற்றை ஷூ கிடந்தது. இடுக்கை ஒட்டி ரெக்சினில் நாலைந்து நகக்கீறல்கள். அவர் சட்டைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து இடுக்கு நெடுகக் கீறினார். கையை விட்டதும் லாக் அகப்பட்டது. சிவப்புப் பொத்தானோடு, பளபளவென்று, ஒரு தூசிகூட இல்லாமல் இருந்தது. பட்டையை இழுத்து வந்து மாட்டிப் பார்த்தார். டக்கென்று மாட்டிக்கொண்டது. அந்த இடத்திலேயே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து, "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றார்.

பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மருத்துவமனைக்குப் போவார். போனதும் யாராவது, "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்பார்கள். முன்பு வண்டியை வைத்திருந்த மனிதரை மருந்துக்கடைக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஏசுவார். முகம் தெரியாத ஒருவர் தன் பழியைச் சுமக்கிறார். தான் அவர் பின்னால் ஒளிந்து நிற்கிறோம் என்று இஞ்சுக்காரருக்குத் தோன்றும். மனைவியிடம்தான் முதலில் சொன்னார். "உடம்பு தேறட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க. அது அவளுக்காக இல்ல, உங்களுக்காக" என்றாள் அவள். சரியாகச் சொல்லிவிட்டாள். அப்படியும் அவர் காத்திருந்தார்.

கம்பியைக் கழற்றிய மறுநாள் தங்கையின் வீட்டுக்குப் போனார். அவள் கரைத்த கஞ்சியைக் கரண்டியால் குடித்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னார்.

"லாக்க யாரும் கழட்டலம்மா. நான்தான் உள்ள வெச்சுத் தைச்சேன். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் தைப்பேன். நீ நோட்டுல எழுதினப்பவே தெரியும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொற்கள் இன்னும் குழறித்தான் வந்தன. "பாப்பா கால நேரா இழுத்துக் கட்டுப் போட்டாங்களே, அப்போ கத்தினா. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வெளியதான் நின்னேன்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கழுத்து நாடாவின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தைச்சது தெரியாமத் தைச்ச. மறைச்சது தெரிஞ்சுதானே மறைச்ச? கொஞ்ச நாளைக்கு இங்க வராத அண்ணா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் களைத்துப்போய்ச் சொன்னாள்.

நாலு நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இஞ்சுக்காரர் எழுந்து நின்றார். வந்தவர் ரெக்சின் சுருள் மேல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"நானும்தான் மச்சான். பொடி எழுத்தெல்லாம் விழுந்து விழுந்து படிக்கறவன். குழந்தை சீட்டப் பத்தியும் படிச்சிருந்தேன். நாலு பேர் சிரிச்சதும் விட்டுட்டேன். ஏழு மாசம் பின் சீட்டுல லாக் இருக்கான்னுகூடத் திரும்பிப் பார்க்கல. வண்டி வித்தவரை ஏசினதெல்லாம் என்னை ஏசிக்க முடியாமத்தான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்களை ஏசலாம்னுதான் வந்தேன். வரல."

அன்று மாலையே இஞ்சுக்காரர் அளவு நோட்டுகளை எடுத்தார். எந்த வண்டி, என்ன அளவு, யார் வண்டி, போன் எண் என்று ஆறு வருஷத்துக்கு எழுதி வைத்திருந்தார். மூடித் தைத்தவை முந்நூற்றுப் பதினொன்று. மனைவி எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கூப்பிட்டார். "உங்க பின் சீட்டுல பெல்ட் லாக்க நான் மூடிட்டேன். தப்பு. வண்டியக் கொண்டு வாங்க, வெட்டிச் சரி பண்ணித் தரேன்."

பலர் சிரித்தார்கள். சிலர் இது ஏதோ புது வியாபாரத் தந்திரம் என்று போனை வைத்தார்கள். வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், "ஏங்க, மூணு வருஷம் சும்மா இருந்துட்டு இப்போ வந்து நல்லா இருக்கற சீட்டக் கிழிக்கறேங்கறீங்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார். கேட்டவரே மறுவாரம் வண்டியோடு வந்தார், தன் இரண்டு பிள்ளைகளையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. எண்பத்து மூன்று வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றையும் தன் கையாலேயே வெட்டி, லாக்குகளை வெளியே எடுத்து, ஓரம் தைத்தார். பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் அலாரத்தை அடக்கிவிட முன் சீட் லாக்கில் செருகும் வெற்று உலோக நாக்குகள் கடையில் ஒரு தட்டு நிறையத் தொங்கின. அவற்றை எடுத்துச் சுத்தியலால் நசுக்கிப் போட்டார்.

எதிர்க்கடைக்கும் போனார். "உங்களுக்கு என்னண்ணே, பேர் வாங்கிட்டீங்க. நாங்க வெட்டித் தைச்சா இது என்ன ஓட்டைன்னு கேப்பாங்க" என்றார் எதிர்க்கடைக்காரர். "இத எங்களுக்குக் காட்டிக் குடுத்ததே நீங்கதானே?" நியாயமான கேள்வி. வெட்டித் தைக்கிற முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்கிறவர்களுக்கு மட்டும் எதிர்க்கடையில் அப்படித் தைக்கிறார்கள். கேட்கிறவர்கள் குறைவு.

மூன்று மாதம் ஆன பிறகு தங்கை போன் செய்தாள். "இவரு பாப்பாவுக்கு சீட் வாங்கிட்டு வந்திருக்காரு. கூட வந்த புஸ்தகத்த மூணு தடவை படிச்சாச்சு, இன்னும் மாட்ட வரல. காருக்குள்ள தலைகீழா கிடக்காரு. நீ வந்து தொலை."

போனார். சீட்டில் முழங்காலை ஊன்றி அமுக்கி, பட்டையை முழுபலத்தோடு இழுத்து இறுக்கி, அசைத்து அசைத்துப் பார்த்தார். குழந்தை லேசாகத் தாங்கி நடந்து வந்து ஏறி உட்கார்ந்தது. "மாமா, நான் ராணி" என்றது. தோளுக்கும் வாருக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

தங்கை தேநீர் கொண்டுவந்தாள். அவளுக்கு இடது கன்னத்தில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடிக்கும்போது உதட்டோரம் வழிவது அவளுக்குத் தெரிவதில்லை. கணவர் சைகை காட்டினால் துடைத்துக்கொள்வாள். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க. நான் எப்பதான் அழறது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பழைய மாதிரி அவரை உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றவர் பக்கத்துக் காரைப் பார்த்தார். கறுப்பு ரெக்சின், சிவப்பு நூல். தன் தையல் அவருக்குத் தெரியாதா? பின் சீட்டில் ஒரு குழந்தை ஏறி நின்று கண்ணாடியில் மூக்கை அழுத்தி அவரைப் பார்த்து நாக்கை நீட்டியது. அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய் ஓட்டியவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். ஓட்டியவர் விற்க வந்த ஆள் என்று நினைத்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சார், சீட்டு... நான்தான் தைச்சேன் சார்" என்று கத்தினார். கண்ணாடி இறங்கவில்லை. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க, கார் போய்விட்டது. வண்டி எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடினார். கடைசி இரண்டு எண்கள் மட்டுமே நினைவில் நின்றன.