எந்த முழங்கால்?

வேகநடைப் போட்டி நடுவராக நின்ற முதல் நாளே, ஒரு ஜப்பானியரின் கடைசி வாய்ப்பைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டொரொண்டோ ஏரிக்கரைப் பூங்காவில் போட்டி. கென்ஜி பல வருடங்கள் ஐம்பது கிலோமீட்டர் நடந்தவர். பெரிய போட்டிகளிலிருந்து அந்தத் தூரத்தை நீக்கியதும், சம்பளம் கொடுத்துவந்த கம்பெனி அணி அவரைக் கைவிட்டது. குறைந்த தூரத்துக்கு மாறி, தேசிய அணியில் இடம் தேடி இங்கே வந்திருந்தார்.

முன்வைக்கும் காலின் முழங்கால் மடங்கக் கூடாது என்பது விதி. முதலில் மஞ்சள் மட்டையைக் காட்டி எச்சரிப்போம். திருந்தாவிட்டால் சிவப்பு கார்ட். மூன்று நடுவர்கள் கார்ட் போட்டால் தண்டனையாகச் சில நிமிடங்கள் பாதையோரத் தடுப்பான ‘பெனல்டி சோனில்’ நிற்க வேண்டும்.

கென்ஜிக்கு மட்டையைக் காட்டினேன். அடுத்த சுற்றிலும் முழங்கால் மடங்கியது. கார்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்பினேன். அதுதான் மூன்றாவது! மனிதர் தடுப்புக்குள் போய் நின்றார்.

பூங்காவில் நடக்க வந்த ஒரு தமிழர் என் பெயர் அட்டையைப் பார்த்து நானும் தமிழ் என்று கண்டுகொண்டார்.

“பிள்ளை, உந்த மனுசன் என்ன பிழை விட்டவர்?”

“முழங்கால் மடங்கினது, அங்கிள்.”

“எனக்கும்தான் மடங்குது. அதுக்காக மறிச்சு வைக்கிறதே?”

கென்ஜி முடித்தபோது தகுதி நேரம் கடந்திருந்தது. நான் மெல்லக் கார் நிறுத்துமிடத்துக்கு நழுவினேன். கென்ஜி பின்னாலேயே வந்துவிட்டார். சண்டைதான் என்று நினைத்தேன். குனிந்து வணங்கி, உடைந்த ஆங்கிலத்தில், “எந்த முழங்கால்?” என்றார்.

“இடது. வளைவில் திரும்பும்போது.”

உடனே கார்களுக்கு நடுவே நடந்து காட்டத் தொடங்கினார். “இப்போது?”

“மடங்குகிறது.”

“இப்போது?”

நான் வாயைத் திறப்பதற்குள், வேடிக்கை பார்க்க எங்களோடு வந்திருந்த அங்கிள் முந்திக்கொண்டார்: “ஓம், இப்ப நேர்! ஆனா இடுப்பைக் கொஞ்சம் பாருங்கோ!”

மூவரும் சிரித்தோம். கென்ஜிக்கும் அங்கிளுக்கும் மற்றவரின் மொழி விளங்கவில்லை.

அடுத்த வருடம் ஜப்பானில் ஒரு கார்டும் வாங்காமல் நடந்து அணிக்குள் நுழைந்தார் கென்ஜி. செய்தி வந்தபோது வேலையிடத்தில் நான் போட்ட கூச்சலில் மேலாளர் எட்டிப் பார்த்தார்.

புதிதாக வரும் நடுவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: கார்ட் போட்டபின் ஒளிய வேண்டாம். நடந்தவர் வந்து கேட்பார். பதில் சொல்வதும் நம் வேலைதான்.