சந்துப் பக்கம் வைத்த ஃபேன்

சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கச் சித்தூருக்குப் போனேன். நாங்கள் குடியிருக்கும் திருப்பதியில் கடை இல்லாமல் இல்லை. சொந்த ஊர்க் கடைக்காரன் ஏமாற்ற மாட்டான் என்று ஒரு நினைப்பு. அவன் ஏமாற்றவும் இல்லை.

"எட்டுக்கு எட்டு கிச்சனுக்கு ஒன்பது இன்ச் தாராளம்ண்ணா. பன்னெண்டு போட்டா லாரி நிக்கற மாதிரி சத்தம் வரும்."

"மிளகா வறுக்கறது உன் பொண்டாட்டியா, என் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டு, இரும்பு இறக்கை வைத்த பன்னிரண்டு இன்ச்சையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

சமையலறைக்கு வெளிச்சுவர் இரண்டு. ஒன்று தெருவைப் பார்த்தது. அந்த முகப்பில் டைல்ஸ் ஒட்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று சந்துப் பக்கம். இரண்டடிச் சந்து. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் ஒற்றை அறை, அதற்கு ஒற்றை ஜன்னல். வாடகைக்கு இருந்தவன் திருவள்ளூர்ப் பக்கத்துக்காரன். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட். காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் படுப்பான்.

எலக்ட்ரீஷியன் சந்துச் சுவரில் கோடு போடும்போதே என் மனைவி சொன்னாள்: "அந்தத் தம்பி படுத்துக்கினு இருக்கற ஜன்னல் நேரா இருக்குது. யோசிச்சுப் போடுங்க."

"என் செவுத்துல ஓட்டை போட அவன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?" என்றேன்.

போட்டாயிற்று. காலை ஒன்பது மணித் தாளிப்பு, புகை, மிளகாய் நெடி எல்லாம் சந்தைத் தாண்டி நேராக அவன் ஜன்னலுக்குள் போயின. எங்கள் சமையலறையில் ஒரு தும்மல்கூடக் கிடையாது. மூன்றாம் நாள் அவன் கண் சிவக்க வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, நீங்க தாளிச்சா நான் தும்மறேன். அப்படியே ரெண்டு தோசையும் அந்த ஓட்டை வழியா அனுப்பிட்டீங்கன்னா பரவால்ல" என்று சிரித்தான். பிறகு குரலை இறக்கினான். "முன்பக்கமா மாத்திக்க முடியுமாண்ணா? தூங்கவே முடியல."

"பகல்ல தூங்கறவனுக்காக ஊரே அடுப்ப அணைச்சிடணுமா? புடிக்கலன்னா வேற ரூம் பாத்துக்கோ."

"சரிண்ணா" என்று போனான். அப்புறம் வரவே இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மே மாதம், ஒரு மதியம், அவன் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து எங்கள் வாசலில் தண்ணீர் ஓடியது. கத்துவதற்கென்றே போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும் உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. அறை இருட்டாக இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஜன்னலை அடைத்திருந்தான். அட்டையில் ஃபேன் படம். என் ஃபேன் வந்த பெட்டி அது. நான்தான் சந்தில் வீசியிருந்தேன். தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுத்திருந்திருக்கிறான். முதுகெல்லாம் வேர்க்குரு.

"சாரிண்ணா. மோட்டார் போட்டுட்டு அப்படியே அசந்துட்டேன்."

என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறான். "மோட்டார நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முகப்பைக் காட்டினேன். "வத்து சார், வேணாம். டைல்ஸ் ஒடைஞ்சா இதே டிசைன் மறுபடி கிடைக்காது" என்றான். உடை என்றேன். இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன. ஃபேன் தெருப் பக்கம் வந்தது. சந்துப் பக்க ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தோம்.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மனைவி தினமும் கேட்கிறாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்று நாளைக் கடத்துகிறேன். சொன்னால் ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் எவனையும் திட்ட எனக்கு யோசனை தேவைப்பட்டதில்லை. இந்த ஒரு பேச்சுக்குத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவன் முகப்பை நிமிர்ந்து பார்த்தான். "இன்னொரு ஃபேனாண்ணா? ரெண்டாயிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தான்.

"ம்" என்றேன்.

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அட்டை இன்னும் ஜன்னலில் இருக்கிறது.